மிச்சம் பிடிக்கலாம் வாங்க... மதுரைக்கு!

"தாத்தா, பாட்டிகளுக்குச் சிக்கன டிப்ஸ் பத்து வேணும் சார். எழுதித் தர முடியுமா?" என்று ஆசிரியர் இலாகாவிலிருந்து போன் வந்தபோது, நான் ஆன்லைனில் வரவழைத்த 240 ரூபாய் பிரியாணியைச் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். டெலிவரி சார்ஜ் தனி.

நான் பி.காம். பட்டதாரி. பாலன்ஸ் ஷீட் போடத் தெரியும். பாலன்ஸ்தான் கிடையாது. மாசம் இருபது தேதிக்கு மேல் என் பேங்க் கணக்கைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். அப்படிப்பட்டவன் சிக்கனத்தைப் பற்றி எழுதுவது, நீச்சல் தெரியாதவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து விசில் ஊதுகிற மாதிரி.

ஆனால், விஷயம் தெரிந்த ஒருவர் மதுரையில் இருக்கிறார். என் அம்மாவின் அப்பா. எண்பதைத் தொடப் போகிறார். மில்லில் வேலை பார்த்து 2004-ல் ரிட்டயர் ஆனவர். மேட்டரை அவரிடம் கறந்துவிடலாம் என்று, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

1977 ஆகஸ்ட் 15-ல் ஓட ஆரம்பித்த ரயில். தாத்தா அதில் மெட்ராஸுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர்தான். அறுபது வயதான ஆண்களுக்கு 40 சதவிகிதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவிகிதம் என்று ரயிலில் டிக்கெட் சலுகை இருந்த காலம் அது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி அதை நிறுத்தினார்கள். கொரோனா இறங்கிப் போனது, சலுகை திரும்ப ஏறவில்லை. தாத்தாவும் அதற்கப்புறம் மெட்ராஸ் பக்கம் வரவில்லை. "முழு டிக்கெட் எடுத்து வந்து பாக்குற அளவுக்கு நீங்க என்ன அம்புட்டு அழகா?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் ஃபுல் சைஸ் கண்ணாடி இருக்கிறதே!

101 வாங்குவியா?

முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. நான் போய்ச் சேரும்போது ராத்திரி ஒன்பதரை இருக்கும். "வாய்யா ராசா, எளைச்சுப் போய்ட்டியே" என்றாள் அம்மாச்சி. (என் எடை 84 கிலோ. பாட்டிகளின் தராசே தனி.)

செல்போனை எடுத்து பிளக்கில் மாட்டினேன். தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வரும்போதே சார்ஜ் போட்டுட்டு வரக் கூடாதாடா?"

தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் கரண்ட் இலவசம். தாத்தா வீட்டு மீட்டர் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. வாரா வாரம் மீட்டரைப் பார்த்து தினசரி காலண்டரில் குறித்து வைக்கிறார். கோடு நெருங்கினால் ஃபேன் ஒன்றிலிருந்து இறங்கி, விசிறிக்கு வந்துவிடும்.

"நூறைத் தாண்டினா தாண்டின யூனிட்டுக்குத்தானே தாத்தா காசு? ஒரு யூனிட் கூடப் போனா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்டேன்.

"ஏன்டா, நூத்துக்கு நடக்குற பரிட்சைல நூத்தி ஒண்ணு வாங்குவியா?"

நான் நூற்றுக்கு 38 வாங்கி பாஸ் செய்தவன். மேற்கொண்டு பேசவில்லை.

கீரைக்கு முந்து, கிழங்குக்குப் பிந்து

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டார். அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போக வேண்டுமாம். "ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

போக்குவரத்தில் அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அலாதியானது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால் அம்மாச்சி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். தாத்தா வெறுங்கையோடு நடந்து போவார். சந்தை வாசலில் ரெண்டு பேரும் சந்திப்பார்கள். இந்த வயதில் இப்படி ஒரு சந்திப்பு! எனக்குப் பொறாமையாக இருந்தது.

"மெட்ராஸ்ல அறுபது தாண்டின ஆம்பளைக்கும் பஸ்ஸுக்கு மாசம் பத்து டோக்கன் சும்மா குடுக்கான். 2016-லருந்து. மதுரைக்காரனுக்கு மட்டும் வயசே ஆகாதா?" என்று குருவிக்காரன் சாலைப் பாலத்தில் நடக்கும்போது கேட்டார் தாத்தா. கீழே வைகை. தண்ணீர் கொஞ்சம், ஆகாயத்தாமரை நிறைய. அந்தக் கேள்விக்கு அதனிடமும் பதில் இல்லை.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இந்த அண்ணா நகர் சந்தைதான். 1999 நவம்பர் 14-ல் அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். தரகர் கிடையாது. விவசாயி அடையாள அட்டையோடு வந்து தானே விற்கிறார். தராசு சர்க்கார் கொடுப்பது. அன்றன்றைய விலை வாசல் போர்டில் இருக்கும். மொத்த மார்க்கெட் விலைக்குக் கொஞ்சம் மேலே, தெருக்கடை விலைக்குக் கீழே என்று கணக்குப் பண்ணி வைக்கிறார்கள். அதனால் பேரத்துக்கு வழியில்லை.

தாத்தாவுக்கு வழியிருக்கிறது!

"கீரையை விடியக்காலம் வாங்கிரணும். வெயில் ஏறினா வாடிரும். கிழங்கு, பூசணி, வெங்காயத்தை அவசரப்பட்டு வாங்கக் கூடாது. எட்டரை, ஒம்போது மணிக்கு மேல சம்சாரி ஊர் திரும்புற அவசரத்துல இருப்பான். திரும்பச் சுமந்துட்டுப் போகணுமேன்னு அவனே கொறைப்பான். நம்ம வாயே தொறக்க வேண்டாம். சும்மா நிக்கணும், அம்புட்டுத்தேன்."

நின்றார். ஒரு பூசணிக்காய்க்கு முன்னால் கோயில் தூண் மாதிரி நின்றார். ஐந்து நிமிஷத்தில் கடைக்காரரே கூப்பிட்டு, போர்டு விலைக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தார். எம்.பி.ஏ. படிப்பில் இதை எத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்களோ!

அரிசி பற்றிப் பேச்சு வந்தது. ரேஷனில் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. ரேஷன் புழுங்கலரிசியில் அம்மாச்சி போடும் இட்லி, என் பேட்டை ஓட்டல் இட்லியை விட மெத்தென்று இருக்கிறது. எழுபது தாண்டிய முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு ரேஷன் சாமானை வீடு தேடிக் கொண்டுவந்து தரும் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. தாத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஏன் தாத்தா, நல்ல திட்டமாச்சே?"

"கடைக்குப் போனா நாலு பேரப் பாக்கலாம். வீட்டுக்கே வந்துட்டா அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

ஏ.சி. ரூம், வாடகை இல்லை

அம்மாச்சி காய்கறிப் பையோடு பஸ் ஏறிவிட்டாள். தாத்தா என்னைத் தமுக்கம் பக்கம் இருக்கும் காந்தி மியூசியத்துக்கு நடத்திக்கொண்டு போனார். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை. 1959 ஏப்ரல் 15-ல் நேரு வந்து மியூசியமாகத் திறந்து வைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. அனுமதி இலவசம். மரத்தடியில் நிழலும் காற்றும் அதே விலைக்கு.

"சிக்கனத்துக்கு டிப்ஸ் வேணும்னியே, பெரிய டிப்ஸே இந்த ஊர்லதான்டா குடுத்தாரு" என்றார் தாத்தா. நிஜம்தான். 1921 செப்டம்பர் 22-ம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி மேல் சட்டையையும் தொப்பியையும் விட்டு நாலு முழத் துணிக்கு மாறினார். ஏழைக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று. தாத்தா தன் வேட்டியைக் காட்டி, "எனக்கு இது எட்டு முழம். அவரு அளவுக்கு இன்னும் வரலை" என்றார்.

அங்கிருந்து புது நத்தம் சாலை. கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15-ல் திறந்தது. ஐ.டி. கம்பெனி மாதிரி நிற்கிறது. உள்ளே போனதும் ஜில்லென்று ஏ.சி.! தாத்தா நேராகப் பேப்பர் படிக்கும் இடத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி.

"ஏப்ரல், மே ரெண்டு மாசமும் மத்தியானம் இங்கதேன். வீட்ல ஃபேன் மிச்சம். பேப்பர் காசு மிச்சம். அறிவு லாபம்."

நானும் உட்கார்ந்தேன். ஏ.சி. சுகத்தில் அரைமணி தூங்கிவிட்டேன். தாத்தா விழித்திருந்து நாலு பேப்பர் முடித்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் ஒரு சம்பவம் சொன்னார். போன மாசம் யாரோ போன் பண்ணி, "உங்க பேர்ல போதைப் பார்சல் பிடிபட்டிருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்றானாம். தாத்தா நிதானமாக, "ஜெயில்ல மூணு வேளை சாப்பாடு உண்டுல்ல? வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவனே வைத்துவிட்டான்.

சிரிப்பு இருக்கட்டும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. போலீஸ் யாரையும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. இருபது வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்ததை இருபது நிமிஷத்தில் பறிகொடுத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போகும் வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு. இந்த நம்பரை வீட்டுக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

தெப்பக்குளமும் ஒரு தலைசுற்றலும்

சாயங்காலம் மாரியம்மன் தெப்பக்குளம். மதுரையில் காசில்லாமல் காற்று வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் படிக்கட்டு. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. மஹால் கட்டச் செங்கல் அறுக்க இங்கே மண் எடுத்தார்கள், அந்தப் பள்ளத்தைத்தான் குளமாக்கினார்கள் என்பார்கள். தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி கோயில் முக்குறுணி விநாயகர் என்பதும் ஊர்ப் பேச்சு.

"பாரு, ஒரு செலவுல அரமனை, குளம், சாமி... மூணு! ராசாவே அப்படி இருந்திருக்கான். நமக்கென்னடா?" என்றார் தாத்தா.

எனக்கு டிப்ஸ் பத்தும் தேறிவிட்ட சந்தோஷம். சுண்டல் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், தாத்தா எழுந்திருக்கப் போனவர், கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். முகம் வெளிறியிருந்தது.

"ஒண்ணுமில்லடா. லேசா கிறுகிறுன்னு வந்துச்சு. வெயில்ல அலைஞ்சது."

கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினேன். அவர் மறுப்பே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாத்தா ஆட்டோவுக்கு ஒத்துக்கொண்டார் என்றால், அது லேசான கிறுகிறுப்பு இல்லை.

ஸ்டாக் டேலி ஆகவில்லை

வீட்டுக்கு வந்து படுக்க வைத்துவிட்டு, "என்னென்ன மாத்திரை சாப்பிடறார் அம்மாச்சி?" என்று கேட்டேன். பிரஷருக்கு தினம் ஒன்று என்று டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மாத்திரை அட்டைகள், மருந்துக்கடை பில்.

பி.காம். படித்து நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அன்றைக்குச் செய்ததுதான். பில்லைப் பார்த்தேன். 2-ம் தேதி வாங்கியிருக்கிறார், 30 மாத்திரை. ராத்திரி சாப்பிட்டதும் போடுகிற மாத்திரை. அன்று தேதி 24, இன்னும் போடவில்லை. ஆக 22 செலவாகியிருக்க வேண்டும். மிச்சம் 8 இருக்க வேண்டும்.

எண்ணினேன். 19 இருந்தது.

மறுபடி எண்ணினேன். 19-தான். 22 நாளில் 11 மாத்திரை.

தினசரி காலண்டரைப் புரட்டினேன். மீட்டர் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சின்னதாக ஒரு டிக். அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

"தாத்தா, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடறீங்களா?"

கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "ஒண்ணு பதினோரு ரூவாடா. ஒரு மாச மாத்திரைய ரெண்டு மாசம் ஓட்டலாம்ல."

அம்மாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கே தெரியாது.

பதினைந்து மாத்திரை, பதினொரு ரூபாய் வீதம், மாசம் 165 ரூபாய். என் ஒரு வேளை பிரியாணிக்குக் காணாது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் எனக்கே சரியாக வரவில்லை.

"மகள் வீட்டுக் காசுல நான் மாத்திரை முழுங்கணுமா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அவர் வரவு என்ன என்று அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிராவிடண்ட் ஃபண்ட் பென்ஷன் மாசம் 1,480 ரூபாய். (அந்தப் பென்ஷனில் குறைந்தபட்சத் தொகையே மாசம் 1,000 என்று வைத்தது 2014 செப்டம்பரில்தான்.) போஸ்டாபீஸில் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 6 லட்சம். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் போட்டதால் வட்டி 8.2 சதவிகிதம். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை 12,300 ரூபாய். மாசத்துக்குப் பிரித்தால் 4,100. ஆக மொத்தம் 5,580 ரூபாயில் ரெண்டு உயிர். இதில்தான் பூசணிக்காய், ஃபேன், பேப்பர் எல்லாம். நான் வேடிக்கை என்று நினைத்து நாள் முழுக்கக் குறிப்பெடுத்தது, வேடிக்கையே இல்லை.

நர்ஸ் போட்ட போடு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரிட்டர்ன் டிக்கெட். கேன்சல் செய்தேன். தாத்தா பதறிவிட்டார். தலை சுற்றியபோதுகூட அப்படிப் பதறவில்லை. "எம்புட்டுடா பிடிப்பான்?" "அறுபது ரூபா தாத்தா." "அறுபதா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் நிஜமாகவே பயந்துபோனேன்.

அன்று முழுக்க அவரை வெளியே விடவில்லை. மாத்திரையை என் கண்ணெதிரே போடவைத்தேன். திங்கட்கிழமை காலை பக்கத்திலிருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டுக்குக் காசில்லை. நர்ஸ் பிரஷர் பார்த்தார். 172-க்கு 104. விஷயத்தைச் சொன்னதும் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி!

"ஏன் ஐயா, ஒருநாள் விட்டு ஒருநாள் மூச்சு விடறீங்களா? மாத்திரை மட்டும் எப்படி விடுவீங்க?"

ஐம்பது வருஷமாக அம்மாச்சி பேச நினைத்ததையெல்லாம் அந்த நர்ஸ் ஐந்து நிமிஷத்தில் பேசிவிட்டார். அம்மாச்சி முகத்தில் பரம திருப்தி.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிரஷர் என்பது வலிக்காத வியாதி. வலிக்காததால் மாத்திரை வேண்டாம் என்று தோன்றும். இப்படி விட்டு விட்டுப் போட்டால் பிரஷர் ஏறி இறங்கி, ஒருநாள் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். "ஐயா, நீங்க சேத்த 165 ரூபா, ஆஸ்பத்திரியில ஒருநாள் பெட்டுக்குப் பத்தாது" என்றார். அந்தக் கணக்கு தாத்தாவுக்குப் புரிந்தது.

பழைய சீட்டைப் பார்த்தார். அதே மருந்து அங்கேயே இருந்தது. ஒரு மாசத்துக்கு எடுத்துக் கொடுத்தார்கள்.

விலை? சைபர்!

2021 ஆகஸ்ட் 5-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துப் பரிசோதனையும் செய்கிறார்கள் என்று சொல்லி, பெயரைப் பதிந்துகொண்டார்கள். எட்டணாவுக்கு எட்டுத் தெரு நடக்கும் தாத்தாவுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? கேட்டேன். "அது ஆருமே இல்லாதவுகளுக்குக் குடுக்குறதுன்னு நெனச்சேன்டா" என்றார்.

அம்மாச்சியின் கால்சியம் மாத்திரைக்கு மக்கள் மருந்தகம் போனோம். அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்காது, மருந்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும். விலை, பிராண்டு மருந்தில் பாதிகூட இல்லை. 2025 பிப்ரவரியில் மாநில சர்க்கார் 'முதல்வர் மருந்தகம்' என்று 1,000 கடைகள் திறந்தது. இதற்கெல்லாம் டாக்டரிடம் "மருந்துப் பேரை எழுதிக் கொடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

வீட்டுக்கு வந்து இன்னொரு வேலையும் முடித்தேன். பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்ச் சான்று தர வேண்டும். போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொள்வார். அதையே செல்போனில் முகத்தைக் காட்டிச் செலவில்லாமல் செய்யலாம். போனை நீட்டினேன். கண் சிமிட்டச் சொன்னது.

"எதுக்குடா சிமிட்டணும்?"

"உசுரோட இருக்கீங்கன்னு தெரிய வேணாமா தாத்தா?"

தாத்தா சிமிட்டினார். போன் ஏற்றுக்கொண்டது. எனக்குத்தான் திரை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

ஆக, டிப்ஸ்...

ஆபீஸ் போகும் நண்பர்களே, டிப்ஸ் தாத்தா பாட்டிக்கு இல்லை. அவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லித் தர வேண்டாம். நமக்குத்தான்.

* அடுத்த தடவை ஊருக்குப் போனால் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். பில் தேதியோடு டேலி ஆகிறதா பாருங்கள்.

* அரசு ஆஸ்பத்திரி மாத்திரை, மக்கள் மருந்தகம் இரண்டும் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே என்று விசாரித்து, ஒரு தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். சொன்னால் போக மாட்டார்கள். கூட்டிப் போனால் வருவார்கள்.

* குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். டிரங்குப் பெட்டிக்குள் இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள்.

* போஸ்டாபீஸ் வட்டி மூன்று மாசத்துக்கு ஒரு தடவை சேவிங்ஸ் கணக்கில் விழுகிறதா, வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கேட்காமல் இருந்து விடாதீர்கள்.

* ரயிலில் சலுகை போனாலும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. முன்பதிவில் வயதைச் சரியாகப் போடுங்கள்.

திங்கட்கிழமை ராத்திரி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார் தாத்தா. பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க மனசில்லாமல் வெளியிலேயே நின்றுவிட்டார். "இதை எழுதினா உனக்குக் காசு குடுப்பானா?" "குடுப்பாங்க தாத்தா." "டிப்ஸ் எல்லாம் என்னோடது. காசு உனக்கா? நல்லாருக்குடா உங்க காமர்ஸ்!"

ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டோம். தினம் ராத்திரி மாத்திரை போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். "இப்ப எல்லாம் அன்லிமிடெட் தாத்தா, பேசினாலும் காசில்லை" என்றேன். "இருக்கட்டும். பழக்கத்தை விடக் கூடாது" என்றார்.

எட்டரைக்கு ஒரு ரிங் வரும். கட் ஆகும். நான் மேற்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன்.

போன புதன்கிழமை வரவில்லை. எட்டே முக்கால் ஆச்சு, ஒன்பது ஆச்சு. கை நடுங்க நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"தாத்தா! மாத்திரை போட்டீங்களா?"

"அதெல்லாம் எட்டுக்கே போட்டாச்சு."

"பின்னே ஏன் மிஸ்டு கால் குடுக்கலை?"

"குடுத்தா நீ கூப்பிட மாட்டியேடா. பேசி ஒம்போது நாளாச்சு" என்றார்.